அக்ரிலமைடு வினைக்கு யுரேனில் உப்பு வேண்டுமா?

கேள்வி: முதுகலைத் திட்டப்பணிக்காக அக்ரிலமைடு கரைசலை ஒளியால் பாலிமராக்க வேண்டும். பழைய ஆய்வேடு ஒன்றில் யுரேனில் நைட்ரேட்டைத் தொடக்கியாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அலமாரியில் யுரேனில் அசிடேட் புட்டி ஒன்று பல வருடமாகக் கிடக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா? யுரேனியம் இதில் என்ன வேலை செய்கிறது? கடைசியில் பாலிமருக்குள்ளேயே தங்கிவிடுமா?

பதில்: முதலில் அந்தப் புட்டி. தயவுசெய்து திறக்காதீர்கள். யுரேனியம் வெளிவிடும் ஆல்ஃபா கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது, அதனால் புட்டி பக்கத்தில் நிற்பதற்கே பயப்பட வேண்டியதில்லை. ஆபத்து தூளில்தான். பழைய புட்டியின் மூடி விளிம்பில் மஞ்சள் படிகம் காய்ந்து ஒட்டியிருக்கும். திருகினால் உதிரும், மூச்சில் போகும். உடலுக்குள் போன யுரேனியம் கதிர்வீச்சைவிட வேதிநச்சாகத்தான் முதலில் சிறுநீரகத்தைத் தாக்கும். அசிடேட் உப்பின் எடையில் பாதிக்கு மேல் யுரேனியம். உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள்.

சரி, வேதியியலுக்கு வருவோம். யுரேனில் என்பது நடுவில் ஒரு யுரேனியமும் இரு பக்கமும் ஒவ்வொரு ஆக்சிஜனும் நேர்கோட்டில் நிற்கும் அயனி. இருட்டில் சாதுவானது. 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா, நீல ஒளி பட்டதும் ஆளே மாறிவிடும். கிளர்வுற்ற நிலையில் அதன் ஆக்சிஜனேற்றத் திறன் சுமார் 2.6 வோல்ட். பக்கத்தில் ஆல்கஹால் இருந்தால் அதன் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். மிச்சமாகும் ஆல்கஹால் துண்டு, இணையாத எலக்ட்ரானோடு நிற்கும் தனி உறுப்பு. அது முதல் அக்ரிலமைடைத் தாக்க, அது அடுத்ததை, அப்புறம் அடுத்ததை என்று சங்கிலி ஓடத் தொடங்குகிறது. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சாந்தப்பாவின் குழு இந்த வகை வினைகளின் வேகத்தை அளந்து எழுதியிருக்கிறது.

ஆக, இங்கே யுரேனியம் தீக்குச்சி. சங்கிலி வளர்வதில் அதற்குப் பங்கில்லை. ஆல்கஹால் கலந்த மஞ்சள் கரைசலைக் காற்றுப் படாமல் ஒளியில் வைத்தால் மெல்ல மெல்லப் பச்சையாகும். ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள யுரேனியம் நான்காம் நிலைக்கு இறங்குவதைத்தான் கண்ணால் பார்க்கிறீர்கள். தீக்குச்சி எரிந்து தீர்வது அப்படி.

நைட்ரேட்டுக்குப் பதில் அசிடேட் என்பதும் அவ்வளவு எளிதல்ல. அசிடேட் யுரேனிலோடு சேர்ந்து அணைவுச் சேர்மம் ஆவதால் வேகம் மாறும். ஆய்வேட்டின் எண்கள் உங்களுக்கு வராது. குளோரைடு, புரோமைடு கலந்திருந்தால் இன்னும் மோசம். கிளர்வுற்ற யுரேனிலின் ஆற்றலை அவை வினை நடக்கும் முன்பே தணித்துவிடும்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியம். யுரேனியம் சங்கிலியின் கண்ணியாக ஆவதில்லை, ஆனால் உள்ளே தங்கிவிடும். பாலிஅக்ரிலமைடின் அமைடு ஆக்சிஜன் யுரேனிலைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் நீராற்பகுத்து கார்பாக்சிலேட் உண்டாகியிருந்தால் பிடி இன்னும் இறுகும். டயாலிசிஸ் செய்தாலும், அதாவது சிறு அயனிகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைத்துக் கழுவினாலும், முழுக்கப் போய்விட்டது என்று நம்ப முடியாது. இந்தக் குணத்தை வைத்துத்தான் ஒரு டன் கடல்நீரில் 3 மில்லிகிராம் அளவே உள்ள யுரேனியத்தைக்கூட அமிடாக்சைம் என்ற, யுரேனிலைப் பற்றும் தொகுதி கொண்ட பாலிமர் இழைகளால் பிடிக்கிறார்கள். புறஊதா விளக்கில் யுரேனிலுக்குரிய பச்சை ஒளிர்வு தெரியவில்லை என்பதை வைத்துச் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஒளிர்வு எளிதில் அணைந்துவிடக்கூடியது.

யுரேனியம் தீக்குச்சியாக இல்லாமல் உண்மையான வினையூக்கியாக வேலை செய்யும் இடமும் உண்டு. பியூட்டாடையீனிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும்போது, அலுமினியச் சேர்மத்தோடு சேர்ந்த யுரேனிய வினையூக்கியில் ஒவ்வொரு மூலக்கூறும் உலோகத்தின் மேல் வந்து உட்கார்ந்த பிறகே சங்கிலியில் சேர்கிறது. அதனால் ஏறக்குறைய எல்லா அலகுகளும் சிஸ் அமைப்பிலேயே, அதாவது இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் சங்கிலி தொடரும்படியே, விழுகின்றன. 98 சதவீதத்துக்கும் மேல். இழுத்தால் படிகமாகி உறுதியாகும் அருமையான ரப்பர் அது. இத்தாலியில் 1970-களில் இதில் நிறைய வேலை நடந்தது. ஆனால் கதிரியக்க எச்சம் ரப்பரிலேயே நின்றுவிடும் என்பதால் தொழில்துறை நியோடிமியத்தின் பக்கம் போய்விட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

உங்கள் திட்டப்பணியின் கேள்வியே யுரேனிலைப் பற்றியது என்றால் உரிமம் பெற்ற ஆய்வகத்தில் செய்யுங்கள். ஒளியால் பாலிமராக்குவதுதான் நோக்கம் என்றால் லாப் எனப்படும், நீரில் கரையும் லித்தியம் ஃபாஸ்ஃபினேட் தொடக்கியை வாங்குங்கள். 405 நானோமீட்டர் எல்இடி போதும். எதைப் போட்டாலும் முதலில் கரைசலில் 20 நிமிடம் நைட்ரஜனைக் குமிழியிட விடுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் தனி உறுப்புகளை விழுங்கிவிடும். "வினையே தொடங்கவில்லை" என்று வரும் புகார்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். அக்ரிலமைடும் நரம்பு நச்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வினை வெப்பம் விடும் என்பதால் முதல் தடவை 10 சதவீதத்துக்குக் குறைந்த கரைசலை, சில மில்லிலிட்டர் மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள்.