ஸ்டீராய்டு ஊசி போட்டதை டாக்டரிடம் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

கேட்டவருக்கு வயது 22, ஊர் நாகர்கோவில் பக்கம். ஜிம் மாஸ்டர் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் ஊசி போட்டிருக்கிறார். இப்போது மார்புக் காம்பின் அடியில் கட்டி போல வலிக்கிறது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் வீட்டுக்கும் போலீசுக்கும் போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

சொல்லிவிடுங்கள். டாக்டர் வாயிலிருந்து அது வெளியே போகாது. நம் ஊரில் ரகசியம் கசியும் இடங்கள் வேறு. அவற்றை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

2017-இல் தக்கலையில் ஒரு ஜிம்மில் 12 வாரம் 'சைக்கிள்' போட்டேன். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, 250 மில்லிகிராம். கூடவே மெத்தாண்டியனோன் மாத்திரை, அதுவும் தசை வளர்க்கும் ஸ்டீராய்டுதான். மாஸ்டர் அதைப் பேப்பரில் மடித்துத் தருவார். கை பெருத்தது, முதுகு முழுக்கப் பருவும் வந்தது. நிறுத்திய சில வாரங்களில் மாடிப்படி ஏறவே சோர்வு. அம்மா நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பதிவு செய்யும் இடத்தில் போன் நம்பர் கேட்டார்கள்; அம்மா தன்னுடையதைக் கொடுத்தார். அந்த நொடியிலேயே என் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போனால், அடுத்த இரண்டு டோக்கன்காரர்களும் எங்கள் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்கள். கதவருகே இருந்த சிஸ்டர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்றார் டாக்டர். "இல்லை" என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 18.4, இயல்பைவிட அதிகம். கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் இயல்பைப் போல மூன்று மடங்கு. "குடிப்பீர்களா?" "இல்லை டாக்டர்." ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அவரிடம் சொல்லும் பொய் அது, நான் சொன்னது மட்டும் உண்மை என்று அவர் எப்படி நம்புவார்? மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன் என்று பணம் கரைந்தது. லேப் ரிப்போர்ட் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. அம்மா அதைக் குவைத்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளுக்கு அனுப்பினார். "மக்களே, எத்தனை நாளாக இந்தப் பழக்கம்?" என்று அன்று இரவு அம்மா அழுதார். ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். ஊசியை மறைத்ததற்குக் குடிகாரன் என்ற பெயர் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் களியக்காவிளை தாண்டி பஸ்ஸில் திருவனந்தபுரம் போனேன். மார்த்தாண்டத்துக்காரர்கள் பலர் செய்வதுதான். ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம், எடுத்த மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டை நீட்டினேன். வாயால் சொல்ல வரவில்லை. அவர் முகம் மாறவில்லை. எத்தனை வாரம், கடைசி ஊசி எப்போது, சிரிஞ்சை யாரோடாவது பகிர்ந்தேனா என்று கேட்டார். பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பார்க்க வேண்டும் என்றார். நாகர்கோவில் ரிப்போர்ட் அவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. ரத்தம் தடித்தது ஊசியால். கல்லீரலைத் தொந்தரவு செய்தது மாத்திரை. கடும் எடை தூக்கினாலேயே எஸ்ஜிஓடி ஏறும் என்பதால் தசைக்குத் தனியாக ஒரு பரிசோதனை எழுதினார். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லும் எல்ஹெச் என்ற ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லை. டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் பிட்யூட்டரி சுரப்பி கட்டளை கொடுப்பதையே விட்டுவிட்டதாம். அது திரும்ப எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளில் 7.14-ஐப் பாருங்கள். தொழிலில் அறிந்த நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. விலக்கு மூன்றுதான்: நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோய். உங்கள் ஊசி இதில் எதிலும் வராது. (இன்னாரைக் குத்தப்போகிறேன் என்று அங்கே உட்கார்ந்து சொன்னால் அது வேறு.) போலீஸ் பயமும் வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. அது எச் பட்டியல் மருந்து, சீட்டில்லாமல் விற்றவருக்குத்தான் சிக்கல். உங்களுக்கு 22 என்பதால் பெற்றோரிடம் சொல்லும் கடமையும் டாக்டருக்கு இல்லை. ஆனால் போலீஸ், ராணுவத் தேர்வுகளில் உடல்தகுதி பார்க்கும் மருத்துவர் உங்கள் மருத்துவர் அல்லர். அவர் அறிக்கை உங்களைத் தேர்வு செய்பவர்களுக்குப் போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே தனியாகப் போங்கள். உங்கள் நம்பரையே கொடுங்கள். அறையில் ஆள் நின்றால், "டாக்டர், ஒரு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். பெரும்பாலோர் வெளியே அனுப்பிவிடுவார்கள். கூச்சமாக இருந்தால் என்னைப் போலச் சீட்டு. மருந்துக் கடைக்கு எடுத்துப்போகும் சீட்டில் மருந்து மட்டும் இருக்கட்டும் என்று கேட்கலாம். மருத்துவமனைப் பதிவில் எழுத வேண்டாம் என்று மட்டும் கெஞ்சாதீர்கள். அடுத்த டாக்டருக்கு அது வேண்டும். நம் பக்கத்து வர்ம வைத்தியசாலைகளில் திண்ணையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கத்தான் ஆசானிடம் வலியைச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் ஆஸ்பத்திரியிலும் தனிமை கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

இன்னொன்று. வெறும் 'ஸ்டீராய்டு' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் தரும் பிரட்னிசோலோனும் ஸ்டீராய்டுதான், அதன் விளைவுகள் வேறு. மருந்துக் குப்பியின் படத்தைக் காட்டுங்கள். 'சைக்கிள்' முடிந்ததும் மாஸ்டர், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் டமோக்சிஃபென் போல ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மார்பு வலியைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டி புதிதாக இருக்கும்போது மருந்துக்குக் கட்டுப்படலாம். நாளாகி இறுகிவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

என் அம்மாவுக்கு இன்றும் ஊசி விஷயம் தெரியாது. மகன் குடியை விட்டுவிட்டான் என்று சபையில் சாட்சி சொல்லியிருக்கிறார்.