தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. பாட்டு கற்றதில்லை. இரண்டு வருடமாக மார்கழியில் நாலு நாள் சென்னைக்கு வந்து கச்சேரி கேட்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் தொடையில் தாளம் போடுகிறார், ‘ஆகா, பைரவி!’ என்கிறார். நான் ஞான சூனியமாக உட்கார்ந்திருக்கிறேன். இதே வித்வான்கள் பாடுவது யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும்போது, ரயிலேறி வந்து புரியாததற்குத் தலையாட்டுவது வெறும் பாவனைதானே? முதலில் ஆன்லைனில் ஒரு ரசனை வகுப்பு படித்துவிட்டுப் பிறகு வரலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாவனைதான். இருந்துவிட்டுப் போகட்டுமே! உங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணறுகளில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதித்த பிள்ளைகள் செய்ததும் நீச்சல் பாவனைதான். நீச்சலைப் பற்றிப் படித்துவிட்டு இறங்கலாம் என்று கரையில் நின்றவன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரரின் தொடை இருக்கிறது, அவருடைய ‘ஆகா’ இருக்கிறது, உங்கள் கூச்சம் இருக்கிறது, ரயில் கட்டணம்கூட மறைமுகமாக இருக்கிறது. எட்டு நாள் கேட்ட பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. யார் பாடினார், எது பிடித்தது, எங்கே கொட்டாவி வந்தது, ஒன்றுமே இல்லை. நீங்கள் கச்சேரிக்கு வந்து பக்கத்து ஆளைத்தான் கேட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அவருக்கு ‘பைரவி’ என்று தெரிந்ததில் எனக்குப் பொறாமை இல்லை. ராகத்தின் பெயர் தெரிவது நல்லதுதான். ஆனால் ஒரு காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கிற ஆலாபனை தொடங்கியதும் ஒருவர் பையிலிருந்து கீர்த்தனைப் பட்டியல் புத்தகத்தை எடுத்துப் பரபரவென்று புரட்டுவார். பெயர் சிக்கியதும் ஒரு பெருமூச்சு. புத்தகம் உள்ளே போகும், கைபேசி வெளியே வரும். பாடகர் அதற்கப்புறம்தான் அந்த ராகத்துக்குள்ளேயே போகிறார், இவருக்கோ வேலை முடிந்துவிட்டது.

நான் முதல் கச்சேரிக்குப் போனது 20 வயதில், ஒரு நண்பன் இழுத்துக்கொண்டு போனதால். ஒன்றும் புரியவில்லை. அன்று இரவு பாக்கெட் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘வயலின்காரர் ஏன் சிரித்தார்?’ மேடையில் ஏதோ நடந்தது, நாலு பேரும் சிரித்துக்கொண்டார்கள், சபையில் பாதிப் பேர் கைதட்டினார்கள், எனக்கு மட்டும் ஜோக் புரியாத மாதிரி இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பதில் கிடைக்க இரண்டு வருடமும் முப்பது முப்பத்தைந்து கச்சேரியும் ஆயின.

பதில் இதுதான். கல்பனாஸ்வரம், அதாவது ச-ரி-க-ம என்று ஸ்வரங்களை மேடையிலேயே கற்பனையாகக் கோத்துப் பாடும்போது, பாடகர் ஒரு சுற்று பாடுவார், வயலின் அதற்குப் பதில் வாசிக்கும். பெரும்பாலான கச்சேரிகளுக்கு ஒத்திகையே கிடையாது. மேடை ஏறிய பிறகுதான் என்ன வரப்போகிறது என்று பக்கவாத்தியக்காரருக்கே தெரியும். கடைசியில் பாடகர் ஒரு சிக்கலான கணக்கை வைத்து, பாட்டு தொடங்கும் இடத்தில் கொண்டுவந்து இறக்குவார். அதை அந்த ஒரு தடவை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வயலின் அப்படியே திருப்பித் தர வேண்டும். அன்று அவர் கணக்குப் பிசகாமல் திருப்பித் தந்துவிட்டார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. யாராவது அன்றைக்கே விளக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் மறந்திருப்பேன்.

இங்கேதான் உங்கள் யூடியூபைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அதன்மேல் கோபம் இல்லை, தினமும் கேட்கிறேன். ஆனால் அங்கே எதைப் பார்ப்பது என்று கேமராக்காரர் முடிவு செய்துவிடுகிறார். பாடகர் கண்ணை மூடினால் பாடகர் முகம், அவ்வளவுதான். நேரில் உட்கார்ந்தால் வாசிக்காமல் சும்மா இருக்கும் கடம் என்ற பானை வாத்தியக்காரரைப் பார்க்கலாம், அவர் விரல் காற்றில் என்ன போட்டுக்கொண்டிருக்கிறது என்று கவனிக்கலாம். அலுப்புத் தட்டினால் யூடியூபில் தள்ளிவிடுவீர்கள். சபாவில் தள்ள முடியாது. அந்த அலுப்போடு உட்கார்ந்திருக்கும்போதுதான் சில சமயம் காது திறக்கிறது. (சபாக்களின் ஒலிபெருக்கி பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் இரண்டாயிரம் பேருக்கான சத்தம் வைப்பவர்களோடு எனக்கு முப்பது வருடச் சண்டை.)

சரி, கூடத்தில் என்ன செய்வது? ஒரு கச்சேரிக்கு ஒருவரை மட்டும் பாருங்கள். இன்று மிருதங்கம் என்றால் மிருதங்கம் மட்டும். பாடகரின் குரல் கீழே இறங்கும்போது அந்தக் கை என்ன செய்கிறது, பாட்டின் வரி முடியும்போது எப்படி ஒதுங்கி நிற்கிறது என்று பாருங்கள். தாளம் போட வேண்டுமா, போடுங்கள். ஆதி தாளம் 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு. பெரிய உருப்படிகளில், அதாவது பாட்டுகளில், ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாக நிதானமாகப் போடுவார்கள். தொடையில் போட வெட்கமாக இருந்தால் சால்வைக்குள் போடுங்கள்.

நிரவல் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். தொடக்கக்காரருக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்களைத் தாளத்தில் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது நிரவல். சொல் நிலையாக நிற்பதால் மெட்டு எங்கெங்கே போய் வருகிறது என்பது பாட்டுத் தெரியாதவர் காதுக்கும் தெரியும். ஆனால் வரி புரிய வேண்டும். தெலுங்கு வரியில் இது கஷ்டம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியவர்கள் கேட்ட நியாயமும் இதுதானே? தமிழில் பாட்டு இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் உருப்படிகளை முதன்மையாக எடுத்துக்கொள்கிறவர் யார் என்று பார்த்து அந்தக் கச்சேரிக்குப் போங்கள். சீசனில் மதிய நேரத்து இளைஞர் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே இல்லை, கூட்டமும் இல்லை. முன் வரிசையில் உட்காரலாம், பைரவிக்காரர் தொந்தரவும் இருக்காது.

சென்னைதான் வேண்டும் என்றும் இல்லை. தை மாதவாக்கில் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும். காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை ஒன்றாகப் பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகமும் வரிசை மாறாது, ஐந்துமே ஆதி தாளம். கூட்டம் மொத்தமும் ஒரே தாளத்தைப் போட, ராகம் மட்டும் மாறிக்கொண்டே போகும். இதைவிட மலிவான ரசனை வகுப்பை எனக்குக் காட்டுங்கள்! சேர்ந்து பாடுவதில் இசை நுட்பம் எங்கே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் கச்சேரிக்கே போகட்டும், நீங்கள் மணலில் உட்காருங்கள்.

ரசனையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை நான் பார்த்தது சபாவில் அல்ல, செய்யாறு பக்கத்துக் கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதல் அன்று விடிகாலை மூன்று மணி இருக்கும், நான் பாயில் சுருண்டு தூங்கிவிட்டேன். எழுந்தபோது சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். துச்சாதன வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்குமுன் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா அசையவே இல்லை. “போன வருசம் கட்டனவனுக்கு சேலையத் தொடறப்போ கை நடுங்குச்சு. இவனுக்கு நடுங்கலியே” என்றார்.

அந்த ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எத்தனையோ வருடத்துத் துச்சாதனர்களை வரிசையாக மனசில் வைத்திருந்தார், இந்த வருடத்தவனை அந்த வரிசையில் நிறுத்திப் பார்த்தார். நீங்களும் அதையேதான் செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்கு இருந்த ஞாபகசக்தி நமக்கு இல்லாததால் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடத்துக்குள் எழுதாதீர்கள், விமர்சகர் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். அறைக்குத் திரும்பியதும், யாரிடமும் பேசுவதற்கு முன், மறுநாள் பேப்பரில் விமர்சனம் பார்ப்பதற்கு முன், நாலு வரி எழுதுங்கள். எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். அலுத்தது பாட்டாலா, பசியாலா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரிந்துவிடும். நடை வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதிய கல்கி, கலைச்சொல்லைக் கொட்டாமல் சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதினார்.

அதே பாடகரை இன்னொரு சபாவில் இன்னொரு முறை கேளுங்கள். நாலு நாளில் எட்டுப் பேரைக் கேட்பதைவிட இரண்டு பேரை இரண்டிரண்டு முறை கேட்பது உங்களுக்கு லாபம். அப்புறம் யூடியூபுக்குப் போங்கள், நோட்டில் எழுதிய இடத்தைத் தேடிப் பாருங்கள். ரசனை வகுப்புக்கும் அப்போது போகலாம். கையில் பத்துக் கேள்வியோடு போகிறவருக்கு அங்கே ஏதாவது கிடைக்கும். வெறுங்கையோடு போனால் 72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்களின் பட்டியல் கிடைக்கும், பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் சொல்லாத ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர், இல்லையா? அடுத்த மார்கழியில் ஒரே ஒரு முறை உட்கார்ந்திருங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, சுற்று குறுகி, சேர்ந்து மோரா என்ற முடிப்பை வாசித்து, கோர்வை என்ற கணக்கை மூன்று முறை வைப்பார்கள். பாடகரின் கையை மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை முடிகிற அதே நொடியில் அவர் பாட்டின் வரியை எடுப்பார். உங்கள் பக்கத்து இருக்கைக்காரரின் தொடைத் தாளம் அந்த இடத்தில் எங்கே நிற்கிறது என்றும் ஓரக்கண்ணால் பார்த்து எனக்கு எழுதுங்கள். அதற்குள் கேன்டீனில் ரவா தோசை தீர்ந்துபோயிருந்தால் அந்தப் பழி என்னுடையது.