கொதித்தாலும் சாகாத நஞ்சு: வாசகர் கேள்வி – பதில்

மதியம் வடித்த சோற்றில் இரவு ஃப்ரைடு ரைஸ் செய்தோம். ஆவி பறக்க வதக்கியும், சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் இரண்டு பேருக்கு வாந்தி. இவ்வளவு சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும்?
– வாசகி, திண்டுக்கல்

கிருமி பிழைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள், காய்ச்சல் இல்லாமல் வாந்தி தொடங்கினால், உணவிலேயே நஞ்சு உண்டாகியிருந்தது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சோறு என்றால் அந்தச் சந்தேகம் பேசில்லஸ் சீரியஸ் மேல் விழும். மண்ணில் வாழும் இந்தப் பாக்டீரியா, ஸ்போர் எனப்படும் வித்து வடிவில் அரிசியோடு வீட்டுக்குள் வந்துவிடும். 100 டிகிரி செல்சியஸில் சோறு வேகும்போது பாக்டீரியா சாகும். வித்துகள் பல தப்பிவிடும். அந்தச் சூடே அவற்றை முளைக்கத் தூண்டும். சோறு வெதுவெதுப்பானதும் அவை முளைத்துப் பெருகி, செரூலைடு என்ற நஞ்சை உண்டாக்கும். இது வளைய வடிவச் சிறு மூலக்கூறு. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாது. வயிற்று அமிலத்துக்கும் செரிமான நொதிகளுக்கும் அசையாது. பிரஷர் குக்கராலேயே முடியாததை வாணலி எப்படிச் செய்யும்?

ஆகவே கவனம் தேவைப்படுவது சூடாக்கும்போது அல்ல, ஆறவைக்கும்போது. பானையோடு மூடி வைத்தால் நடுச்சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மீந்ததைத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஹாட்பாக்ஸில் வைப்பதானால் சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்காத வரைதான் பாதுகாப்பு. வெறும் இளஞ்சூட்டில் காக்கும் ஹாட்பாக்ஸ், திறந்த பாத்திரத்தைவிட மோசம்.

அப்படியானால் பழைய சோறு?
– வாசகர், தஞ்சாவூர்

தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கவைக்கின்றன. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5-க்குக் கீழே போனால் பேசில்லஸ் சீரியஸ் வளரத் திணறும். ஆனால் புளிப்பு ஏற முதலில் சில மணி நேரம் பிடிக்கும். ஏற்கெனவே உண்டான நஞ்சைப் புளிப்பு அழிக்கவும் செய்யாது. காலையில் வடித்து நாள் முழுக்கக் கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றுவது சரியில்லை. இரவு வடித்த சோறு ஆறியவுடன், மூழ்கும் அளவு சுத்தமான நீர் ஊற்றுங்கள். முந்தின நாள் நீராகாரம் ஒரு கரண்டி சேர்த்தால் சீக்கிரம் புளிக்கும். காலையில் புளிப்பு வாசம் இல்லாமல் கெட்ட வாடை அடித்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

விருந்தில் பால் இனிப்பு சாப்பிட்ட பலருக்கு வாந்தி. மீந்ததைக் கொதிக்கவைத்துப் பிறகு லேபுக்குக் கொடுத்தோம். கிருமி வளரவில்லை என்றார்கள். எப்படி? ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். சமைப்பவரின் மூக்கிலும் கைப்புண்ணிலும் இருந்து உணவுக்கு வரும். கொதிக்கவைத்ததும் கிருமி செத்துவிடும், அதனால் கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளராது. அது விட்டுச்சென்ற என்டெரோடாக்சின் என்ற நஞ்சோ 100 டிகிரியில் அரை மணி நேரமும் தாங்கும். உணவு மாதிரியைச் சூடாக்காமல், சுத்தமான மூடிய டப்பாவில், குளிரில் வைத்துக் கொடுத்து, எலைசா முறையில் நஞ்சுப் பரிசோதனை கேளுங்கள். கையில் சீழ்க்கட்டி உள்ளவரை அடுப்படிக்குள் விடவே கூடாது.

ஆன்டிபயாட்டிக் நஞ்சை முறிக்காது. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வாந்தி எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். தண்ணீரைக் குறைத்துக் கரைத்தால் உப்பு மிகுந்து ஆபத்து. ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, ரத்த வாந்தி, மயக்கம், கண்ணில் மஞ்சள் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சோற்றில் உண்டாகும் செரூலைடு அரிதாகக் கல்லீரலையே செயலிழக்கச் செய்யும். குழந்தைகள் விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம்.