டேஷ்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

(பதில் சொல்பவர், மும்பை சயான் கோலிவாடாவில் 22 வருடமாகக் கார்களின் உட்புறம் சுத்தம் செய்யும் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் நாங்குநேரி பக்கம்.)

ஏழு வருடம் ஓடிய காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். டேஷ்போர்டு வெளிறிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் கறுகறுவென்று ஆகிவிடும் என்கிறார் மாமியார். கடைக்காரர் பளபளப்பு ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, செம்பூர்

மாமியார் சொல்வதில் பாதி நிஜம்தான் தங்கச்சி. தடவின அன்றைக்குக் கறுப்பாகத்தான் தெரியும். நாலு நாள் கழித்துப் பாருங்கள், ரோட்டுத் தூசி பூராவும் அதில் அப்பியிருக்கும். ஒரு மாதம் போனால் வெயிலில் எண்ணெய் காறி வாடை வேறு வரும்.

கடைக்காரர் சொல்கிற ஸ்ப்ரேயில் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். இதில் நானே பட்டிருக்கிறேன். கடை போட்ட புதிதில், மின்னினால்தான் வாடிக்கையாளர் காசு கொடுப்பார் என்ற நினைப்பு எனக்கு. ஒரு டாக்ஸிக்காரரின் வண்டியில் டேஷ்போர்டு, ஸ்டீயரிங், பெடல் என்று ஒன்று விடாமல் அடித்துக் கொடுத்தேன். அரை மணியில் திரும்பி வந்து சாவியை மேசையில் போட்டார். "அண்ணாச்சி, பிரேக்கில் கால் வழுக்குது. முன்கண்ணாடியைப் பார்த்தா டேஷ்போர்டுதான் தெரியுது, ரோட்டைக் காணோம்." சோப்புத் தண்ணீர் போட்டு அதையெல்லாம் எடுக்க அன்றைக்கு மத்தியானம் முழுக்கப் போனது. கூலியும் கேட்க முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் பேபி ஷாம்பு. மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, சொட்டு விழாதபடி பிழிந்து துடையுங்கள். தண்ணீரை நேராக டேஷ்போர்டில் தெளிக்காதீர்கள், ஸ்விட்சுக்குள் இறங்கிவிடும். ஏசி துவார இடுக்குகளுக்கு நான் இன்றைக்கும் பழைய ஷேவிங் பிரஷ்தான் வைத்திருக்கிறேன். பெயிண்ட் பிரஷ் என்றால் அதன் தகரப் பட்டையில் டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கீறல் போடும். பிரஷ்ஷால் தூசியைக் கிளப்பிவிட்டுக்கொண்டே மறுகையால் வேக்குவம் பிடித்தால் வேலை சட்டென்று முடியும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை.

வெளிறல் என்று நாம் நினைப்பது பாதி வண்டிகளில் பழைய பாலிஷ் காய்ந்த படலம்தான், இதிலேயே போய்விடும். கழுவிக் காய்ந்த பிறகும் வெள்ளையாக இருந்தால், வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலையே தின்றுவிட்டது என்று அர்த்தம். அதைப் புதிதாக்க முடியாது, மறைக்கலாம். 'வாட்டர் பேஸ்டு', 'மேட்' என்று போட்டிருக்கும் டிரெஸ்ஸிங்கை, அதாவது டேஷ்போர்டில் பூசும் திரவத்தை, துணியில் ஊற்றி மெல்லிசாகத் தடவுங்கள். புற ஊதாத் தடுப்பும் அதில் இருந்தால் நல்லது. பத்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். விரலில் பிசுக்கு ஒட்டினால் அளவு கூடிப்போச்சு. ஸ்டீயரிங், கியர், பெடல் பக்கம் போகவே கூடாது. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குள் ஒரு சன்ஷேடு வைத்தால் இந்தச் செலவே குறையும்.

கதவிலுள்ள ஸ்விட்ச்கள் பிசின் மாதிரி ஒட்டுகின்றன. சானிடைசர் போட்டுத் துடைக்கலாமா?
- வாசகர், தாராவி

அது அழுக்கில்லை. தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்று கம்பெனியில் அடிக்கும் பூச்சு, நம்ம ஊர் ஈரப்பதத்தில் சிதைந்து இளகுகிறது. துடைக்கத் துடைக்கத் தீராது, முழுசாக உரித்தெடுக்க வேண்டியதுதான். லேமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். துணியில் கொஞ்சம் தொட்டு, ஓரத்தில் சோதித்துவிட்டு, பொறுமையாகத் தேயுங்கள். அடியில் கெட்டிப் பிளாஸ்டிக் தெரியும், ஸ்விட்சில் எழுதியிருப்பது அழிந்தாலும் அழியும். மற்ற இடங்களுக்கு ஆல்கஹாலும் வேண்டாம், சானிடைசரும் வேண்டாம். தின்னர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், பிளாஸ்டிக்கே கரையும்.

மழைக்காலத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தோம். ஸ்டீயரிங், கதவுப் பிடி எல்லாம் பூஞ்சை.
- வாசகர், முலுண்ட்

கை பட்ட இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும், கவனித்தீர்களா? வியர்வையும் எண்ணெய்ப் பசையும்தான் அதற்குச் சாப்பாடு. முகக்கவசம் போட்டுக்கொண்டு நாலு கதவையும் திறந்து வையுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். துணியைத் திரும்ப உபயோகிக்காதீர்கள். மழை மாதங்களில் வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், உள்ளே குளிர்ந்து ஈரமாயிருக்கும் ஏசியின் குழாய்ச் சுருள் உலரும்.

டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரை இடம் மாற்ற வேண்டும். பிய்த்தால் பிளாஸ்டிக்கும் வருமோ என்று பயம்.
- வாசகி, மாட்டுங்கா

ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல இரு பக்கமும் இழுத்தால் பிள்ளையார் பத்திரமாக வந்துவிடுவார். மிச்சப் பசைக்கு மட்டும் மாமியாரின் தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஊறியதும் விரலால் உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். புது இடம் பார்க்கும்போது 'ஏர்பேக்' என்று எழுதிய பக்கம் வேண்டவே வேண்டாம். பை வெடித்து விரியும்போது அவர் உங்கள் முகத்துக்குத்தான் வருவார்.

சொசைட்டியில் தினமும் வண்டி துடைப்பவர் உள்ளேயும் துடைக்கிறேன் என்கிறார். விடலாமா?
- வாசகர், காட்கோபர்

அவர் வாளியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பத்து வண்டிச் சக்கரத்து மண்ணும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும். அதே துணி உள்ளே போனால் பளபளக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். அவரைக் கோபிக்காதீர்கள், நாற்பது வண்டிக்கு நாற்பது துணியா வாங்குவார்? வீட்டிலிருந்து இரண்டு துணி கொடுத்து, உங்கள் வண்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிடுங்கள்.