கேள்வி-பதில்: அப்பா விட்டுப்போன காந்தி நாணயம் புரூஃப் தானா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புரூஃப் நாணயங்களைப் பற்றியவை. அதனால் முழு இடத்தையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): அப்பா காலமான பிறகு அவருடைய பெட்டியில் ஒரு 10 ரூபாய் வெள்ளி நாணயம் கிடைத்தது. காந்தி நூற்றாண்டுக்காக 1969-ல் வெளியிட்டது. கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரு வியாபாரி, "இது புரூஃப், நல்ல விலை தருகிறேன்" என்கிறார். இன்னொருவர், "சாதாரண நாணயம், வெள்ளி விலைதான்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் விட்டுவிடுங்கள். நாணயத்தைக் கையில் எடுத்து நீங்களே பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். புரூஃப் என்பது தரத்தின் பெயர் அல்ல, செய்முறையின் பெயர். புழக்கத்துக்கான நாணயத்தை இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடித்துத் தள்ளும். அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, உரசி, மூட்டையில் ஏறி வங்கிக்குப் போகும். புரூஃப் நாணயத்துக்கு அச்சையும் மெருகேற்றுவார்கள், அடிக்கப்போகும் வெறும் தகட்டையும் மெருகேற்றுவார்கள். தகட்டை ஒவ்வொன்றாக வைத்து, கூடுதல் அழுத்தத்தில், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அதனால்தான் பின்புலம் நிலைக்கண்ணாடி போல ஆழமாகவும், உருவம் பனி படர்ந்தது போல மங்கிய வெண்மையாகவும் வருகிறது. அந்த வெண்மையைச் சேகரிப்பாளர்கள் 'ஃப்ராஸ்ட்' என்பார்கள். பழைய புரூஃப்களில் இது குறைவாக இருப்பது உண்டு. ஆகவே ஃப்ராஸ்ட் இல்லை என்பதை மட்டும் வைத்து உங்கள் நாணயத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

இனி சோதனைக்கு வருவோம். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, நாணயத்தின் விளிம்பை மட்டும் விரல்களால் பிடியுங்கள். மேலே ஒரே ஒரு விளக்கு போதும். நாணயத்தை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். தேர்ச்சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளிக்கீற்றுகள் நடுவிலிருந்து சுழன்றால், அது புழங்காத சாதாரண நாணயம். தகட்டின் உலோகம் அச்சுக்குள் வெளிப்புறமாக ஓடியதால் வரும் ஒளி அது. புரூஃபில் அப்படிச் சுழலாது. ஒரு கோணத்தில் பின்புலம் கன்னங்கரேல் என்று தெரியும், இன்னொரு கோணத்தில் பளீரென்று வெளுக்கும்.

அடுத்து, ஒரு நாளிதழை விரித்து, நாணயத்தை அதன் எழுத்துகள்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். வெறுமையான பகுதியில் எழுத்தின் பிம்பம் இடவலம் மாறித் தெரியும். அருகில் உள்ள எழுத்து மட்டுமல்லாமல், சில அங்குலம் தள்ளி உள்ள எழுத்தும் கலங்காமல் வாசிக்கும்படி இருந்தால் அது நல்ல அறிகுறி.

அப்புறம், நகைக்கடைகளில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். எனக்கு முக்கியமான சோதனை இதுதான். புரூஃபில் எழுத்தின் பக்கச்சுவர், சுவரும் தரையும் சேருமிடம் போல நேராக எழும். விளிம்பு வளையமும் கூராக, சதுர வாக்கில் இருக்கும். சாதாரண நாணயத்தை யாராவது பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து மினுக்கியிருந்தால் எழுத்தின் மேல்முனை உருண்டுபோயிருக்கும். காந்தியின் காது இருக்கும் பகுதி வழுவழுவென்று தட்டையாகியிருக்கும். பின்புலத்தில் தொடங்கும் மெல்லிய கோடு எழுத்தின்மேலும் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். அச்சிலிருந்து வந்த கோடு அப்படி ஏறி இறங்காது, எழுத்து தொடங்கும் இடத்தில் நின்றுவிடும்.

கடைசியாக, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி. ஆண்டுக்குக் கீழே சின்ன வைர வடிவக் கட்டம் இருந்தால் மும்பையில் அடித்த சாதாரண நாணயம். குறியே இல்லையென்றால் கொல்கத்தா. 1969-ல் தொடங்கி மும்பை நாணயச்சாலை தன் புரூஃப்களில் 'பி' என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தது. ஊரின் பெயர் மாறிய பிறகு அது 'எம்' ஆயிற்று. குறியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மேலே சொன்ன சோதனைகளோடு அது ஒத்துப்போக வேண்டும். இடையில் ஒன்று: 'மெட்ராஸ் மின்ட் புரூஃப்' என்று குடியரசுக் கால நாணயத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். தங்கசாலைக்குப் பெயர் கொடுத்த சென்னை நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள்.

உங்கள் நாணயம் எதுவாக இருந்தாலும் அதன் எடை 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. அதாவது 12 கிராம் வெள்ளி. அன்றைய தேதியில் 12 கிராமுக்கு என்ன விலையோ, அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (மதுரை வாசகி): தஞ்சைப் பெரிய கோயிலின் 1000 ரூபாய் நாணயத்தை இணையத்தில் வாங்கினேன். 'புரூஃப் 70, முதல் தரம்' என்று போட்டிருந்தார்கள். பெட்டி, சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. ஆனால் நாணயத்தில் முடி போலக் கோடுகள் தெரிகின்றன. ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்கள் கடிதத்தோடு படம் வராததால் நாணயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளம்பரத்தில் உள்ள '70' சந்தேகத்துக்கு உரியது, ஏன் என்று சொல்கிறேன்.

70 என்ற எண் ஷெல்டன் அளவுகோலில் உள்ளது. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செப்பு நாணயங்களுக்காக 1 முதல் 70 வரை வகுத்த அளவு அது. இன்று எல்லா நாணயங்களுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். கைபடாமல் காப்பாற்றிய புரூஃபுக்கு 60-லிருந்து 70 வரை கிடைக்கும். நாணயத்தின் தரம் பார்த்து எண் கொடுக்கும் நிறுவனங்களில் என்.ஜி.சி. 'பி.எஃப்' என்றும், பி.சி.ஜி.எஸ். 'பி.ஆர்' என்றும் புரூஃபைக் குறிக்க எண்ணுக்கு முன்னால் போடும். 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் அடித்த பிறகு ஏற்பட்ட ஒரு குறைகூடத் தெரியக்கூடாது. முடி போன்ற கோடு கண்ணுக்கே தெரிகிற நாணயத்துக்கு அந்த எண் வராது.

இப்படிப்பட்ட எண்ணை விற்கிறவரே போட்டுக்கொண்டால் அதற்கு மதிப்பில்லை. பெண் வீட்டாரே பெண்ணுக்கு மதிப்பெண் போடுவது போலத்தான். தரம் பார்க்கும் நிறுவனம் நாணயத்தைக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் மூடி, எண் பொறித்த சீட்டு வைத்துத் தரும். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது. போலி உறைகளும் வருகின்றன, அதில் உண்மையான எண்ணையே திருடிப் போடுகிறார்கள். தளத்தில் அந்த நாணயத்தின் படம் இருந்தால், படத்தில் உள்ள புள்ளியும் கீறலும் உங்கள் கையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பெட்டியையும் சான்றிதழையும் வைத்து மட்டும் நம்ப வேண்டாம். அரசு நாணயச்சாலைகள் ஒரே நினைவு நாணயத்தைப் புரூஃப் என்றும், 'யு.என்.சி' என்ற புழங்காத வகை என்றும் இரண்டாக விற்கும். விலையும் வேறு. புரூஃப் பெட்டிக்குள் யு.என்.சி நாணயத்தை மாற்றி வைப்பது ஒரு நிமிட வேலை. ஆகவே கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன விளக்குச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். எடையும் பாருங்கள். 2010-ல் வந்த இந்த நாணயம்தான் இந்தியாவின் முதல் 1000 ரூபாய் நாணயம். 35 கிராம், 44 மில்லிமீட்டர், 80 சதவீதம் வெள்ளி, 20 சதவீதம் செம்பு. நகைக்கடைத் தராசில் அரை கிராம் வித்தியாசம் வந்தாலே நான் நாணயத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

மாறியிருக்கிறது என்று உறுதியானால் சும்மா விடாதீர்கள். விளம்பரப் பக்கத்தை முதலில் படம் பிடித்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): வெள்ளிப் புரூஃப் நாணயம் கறுத்துவிட்டது. குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். புளி, பல்பொடி, பாத்திரம் துலக்கும் தூள், கடையில் விற்கும் வெள்ளிப் பாலிஷ் எதுவும் வேண்டாம்.

சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். சுதந்திர வெள்ளி விழாவுக்காக 1972-ல் வந்த 10 ரூபாய் நாணயத்தின் புரூஃப் ஒன்று என்னிடம் இருந்தது. 22.5 கிராம், பாதி வெள்ளி. ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது. பூஜை அலமாரியிலிருந்து விபூதி எடுத்து, பழைய வேட்டித் துணியால் மெதுவாகத்தான் தேய்த்தேன். பழுப்பு போய்விட்டது. டியூப் லைட்டின் கீழே சாய்த்துப் பார்த்தபோது, கண்ணாடி போன்ற பின்புலம் முழுவதும் சிலந்தி வலை போலக் கோடுகள். துணி சுற்றிய வாக்கிலேயே அவையும் வளைந்திருந்தன. அந்தக் கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அப்படிப்பட்ட நாணயத்துக்குத் தரம் பார்க்கும் நிறுவனம் எண்ணே கொடுக்காது. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று சீட்டில் எழுதிவிடும், விலை விழுந்துவிடும்.

கறுப்பு, பழுப்பு, நீலம் என்று ஏறுவது காற்றில் உள்ள கந்தகத்தால் வெள்ளியின் மேல் படியும் படலம். அது மெல்லியதாக இருக்கும்வரை நாணயத்துக்குக் கேடில்லை. சமமாகப் படிந்த வண்ணத்தை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது பச்சை நிறப் பிசுக்கைப் பார்த்துத்தான். மலிவான பி.வி.சி. உறையிலிருந்து கசிவது அது, விட்டால் உலோகத்தைத் தின்னும். அதற்கு மட்டும் சுத்தமான அசிட்டோனில் நாணயத்தைச் சற்று நேரம் மூழ்கவைத்து எடுத்து, துடைக்காமல் தானாக உலரவிடலாம். நெயில் பாலிஷ் அகற்றும் திரவம் ஆகாது, அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையில் செய்யாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு நாணயத்தின் அளவுக்கேற்ற கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் (காப்சூல்) போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்தால் போதும். நாணயத்துக்கு மேலே குனிந்து பேசாதீர்கள், எச்சில் துளி பட்ட இடம் சில மாதங்களில் புள்ளியாகிவிடும்.

கேள்வி (சேலம் வாசகர்): வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயத்துக்குப் பல லட்சம் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் கேட்கிறார்.

பதில்: பணம் அனுப்பாதீர்கள். புழக்கத்துக்காக ஏராளமாக அடித்த நாணயம் அது. இப்படிக் கட்டணமோ வரியோ கேட்டு ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே மோசடி நடப்பதாக, அந்த வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி (கோவை வாசகர்): ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம் புரூஃப் செட்களில் போடலாம் என்றிருக்கிறேன். தாத்தா காலத்து வெள்ளி நாணயங்களும் இருக்கின்றன. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் பார்க்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, தரம் பார்க்க என்றாலும் சரி. விக்டோரியா நாணயத்தைத் தபாலில் போட்டுவிட்டு வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: ஆங்கிலேயர் கால நாணயங்களைப் பழைய அச்சுகளைக்கொண்டு நாணயச்சாலையே பின்னாளில் மறுபடி புரூஃபாக அடித்துக் கொடுத்திருக்கிறது. இவை 'ரீஸ்ட்ரைக்'. போலியல்ல, ஆனால் மூல நாணயத்தின் விலையும் கிடைக்காது. வாங்கும்போதும் விற்கும்போதும் அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

முதலீடு என்று கேட்டீர்கள். என் கருத்து, ஓய்வூதியப் பணத்தை இதில் போடாதீர்கள். அண்மை ஆண்டுகளில் வந்த நினைவு நாணயங்கள் பலவற்றில் 35 கிராம் எடைக்கு வெள்ளி 50 சதவீதம்தான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். கையில் இருப்பது 17.5 கிராம் வெள்ளி. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் அரிதுக்கும் கொடுக்கும் விலை. அந்த விலை ஏறும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. நாணயத்தின் மேல் பிரியம் இருந்தால் மாதச் செலவு போக மிஞ்சுவதில் வாங்குங்கள். புதிய வெளியீடுகளை அரசு நாணயச்சாலைகளை நடத்தும் எஸ்.பி.எம்.சி.ஐ.எல். நிறுவனத்தின் தளத்திலேயே பதிவு செய்யலாம். கைக்கு வந்துசேர மாதக்கணக்கில் ஆவது உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பழையவற்றுக்கு நாணயக் கண்காட்சிதான் நல்லது. லென்ஸும் சின்னத் தராசும் எடுத்துக்கொண்டு போங்கள். நாணயத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்க்க விடாத மேசையில் வாங்காதீர்கள். பில்லில் 'புரூஃப்' என்ற வார்த்தை, ஆண்டு, நாணயச்சாலை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.