கடைசி நிமிஷ மன்னிப்பு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிறு சபைல, இயேசுவுக்குப் பக்கத்துல சிலுவைல தொங்கின கள்ளனைப் பத்தித்தான் பிரசங்கம். கடைசி நிமிஷத்துல மனந்திரும்பினான், பரதீசு, அதாவது பரலோக வாழ்வு கிடைச்சுது. எல்லாரும் ஆமென் போட்டாங்க, எனக்கு மட்டும் எரிச்சலா இருந்துச்சு. வாழ்நாள் பூரா அடுத்தவன் குடியைக் கெடுத்தவன் சாகும்போது ஒரு ஜெபம் பண்ணா போதுமா? அவனால நாசமாப் போனவங்களுக்கு என்ன பதில்? இவ்ளோ நீடிய பொறுமை எதுக்கு, அன்னைக்கே அவனைத் தடுத்திருக்கலாமே?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

எரிச்சல் வந்ததுக்காக சங்கடப்படாதீங்க, உங்களுக்கு முன்னாடியே பைபிள்ல யோனா தீர்க்கதரிசி இதே எரிச்சல்ல உக்காந்திருந்தார். அவர் எச்சரிக்கப் போன பொல்லாத நினிவே பட்டணம் மனந்திரும்பி, அழியலைன்னதும் அவருக்குக் கடுங்கோபம், நீர் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ள தேவன்னு எனக்கு முன்னாடியே தெரியும், அதனாலதான் நான் நினிவேக்குப் போகாம தர்ஷீசுக்கு ஓடினேன்னு கடவுள் மூஞ்சிக்கு நேரா சொல்றார். அதாவது கடவுளோட நல்ல குணமே அவருக்குக் கம்ப்ளெய்ண்ட்! பிரசங்கத்துல யோனாவை விழுங்கின மீனைப் பத்தி பேசுற அளவுக்கு யோனா புத்தகத்தோட இந்த 4ஆம் அதிகாரத்தைப் பத்தி யாரும் பேசுறதில்ல, அது வேற விஷயம்.

ஆனா உங்க கேள்விக்கு யோனாவை விட யூதா நாட்டு ராஜா மனாசே கதைதான் சரியா வரும். 55 வருஷம் ஆட்சி, சொந்தப் பிள்ளைகளையே தீயில பலி குடுத்தவன், எருசலேமை ஒரு பாவமும் அறியாதவங்க ரத்தத்தால நிரப்பினவன். இப்போ 2 நாளாகமம் 33 எடுத்துப் பாருங்க, அசீரியர் அவனை வெண்கலச் சங்கிலியில கட்டி பாபிலோனுக்கு இழுத்துட்டுப் போறாங்க, அங்க நெருக்கத்துல அவன் தன்னைத் தாழ்த்தி கெஞ்சுறான், கர்த்தர் கேக்குறார், திரும்பவும் ராஜாவா அனுப்புறார். சரி, இப்போ 2 இராஜாக்கள் 24 பாருங்க. அவன் சிந்தின ரத்தத்தை மன்னிக்க கர்த்தருக்கு மனசில்லைன்னு பளிச்சுன்னு எழுதியிருக்கு, யூதா அழிஞ்சதுக்கே அதைத்தான் காரணமா சொல்றாங்க. ரெண்டும் ஒரே பைபிள்லதான் இருக்கு, ஒண்ணை மறைச்சு இன்னொண்ணை மட்டும் யாரும் வைக்கல. நான் இதை எப்படி எடுத்துக்கிறேன்னா, மனாசேங்கிற ஆளுக்குக் கதவு திறந்துச்சு, செத்தவங்க கணக்கு மட்டும் மூடப்படல. இதை ரெண்டா பிரிச்சுப் பாக்காம "எல்லாத்தையும் கர்த்தர் மறந்துட்டார்"னு அவசரமா சொல்லிடுறதுதான் நம்ம பிரச்சனை.

நீங்க சொன்ன கள்ளனையும் இன்னொரு தடவ கவனிங்க. நமக்குக் கிடைச்ச தண்டனை நியாயம்தான்னு அவனே ஒத்துக்கிறான், என்னை இறக்கி விடுங்கன்னு கேக்கல. மன்னிப்பு கிடைச்ச பிறகும் அவன் கால் எலும்பை முறிக்கத்தான் செஞ்சாங்க.

அன்னைக்கே ஏன் தடுக்கலைங்கிறதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இயேசுவோட சீஷன் பேதுரு தன் கடிதத்துல சொல்ற பதில் தெரியும், ஒருத்தரும் கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் பொறுமையா இருக்கார்னு, ஆனா அது பாவி பக்கத்து பதில். பாதிக்கப்பட்டவங்க பக்கத்துல இருந்து, பைபிளோட கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 6ல கொல்லப்பட்டவங்களோட ஆத்துமாக்கள் பலிபீடத்துக்குக் கீழ இருந்து "எதுவரைக்கும் எங்களுக்கு நியாயம் செய்யாம இருப்பீர்"னு சத்தம் போட்டுக் கேக்குதுங்க. இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கன்னு சொல்லி வெள்ளை அங்கி குடுக்குறாங்க. எனக்கு இதுல முழு ஆறுதல் கிடைக்கல, ஆனா அப்படிக் கேட்டது தப்புன்னு அங்க யாரும் அவங்களை அதட்டலைங்கிறதை கவனிச்சேன்.

உங்க லெட்டரோட தொனியைப் பாத்தா யாரோ ஒரு குறிப்பிட்ட ஆளை மனசுல வெச்சுதான் எழுதியிருக்கீங்கன்னு தோணுது. அந்த ஆள் நிஜமாவே மனந்திரும்பியிருந்தா அவர் வந்து பேச வேண்டியது உங்ககிட்டயும்தான். வரி வசூலிக்கிற சகேயு, யார்கிட்டயாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு சொன்ன பிறகுதான், இன்னைக்கு இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்துச்சுன்னு இயேசு சொன்னார். அதுவரைக்கும் நீங்க மன்னிச்சே ஆகணும்னு சபைல யாராவது நெருக்கினா, சகேயு கதை இருக்கிற லூக்கா 19ஐ அவங்களையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.