அமெரிக்காவின் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த), பூர்வகுடி மாணவர்களை ரோபாட்டிக்ஸ், கணினி அறிவியல் பக்கம் கொண்டுவருவது எப்படி?

அரிசோனாவில் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். நாலு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளி ரோபாட்டிக்ஸ் குழுவுக்கு உதவப் போகிறேன். பெரும்பாலும் மெக்ஸிகோ வழிக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு பேர் நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர். என் பதில் இதுதான்: வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவரும் கைத்திறனுக்கு முதலில் வேலை கொடுங்கள்.

முதல் மாதம் எதிர்காலம், சம்பளம் என்று பேசிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒருநாள் குழாய் இணைப்பில் தண்ணீர் கசிந்தது. வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து வந்தான். பிவிசி குழாயின் வெட்டிய முனையைச் சுரண்டி, ப்ரைமர் தடவி, பசை போட்டு, செருகும்போதே கால் சுற்று திருப்பி, முப்பது விநாடி அழுத்திப் பிடித்தான். அவன் அப்பா பிளம்பர். அன்று முதல் ரோபோவின் சட்டகம் அவன் பொறுப்பு. இப்போது மோட்டாருக்கான நிரலும் அவன்தான் எழுதுகிறான்.

இதே ஊரின் கார்ல் ஹைடன் பள்ளி மாணவர்கள் நாலு பேர் 2004இல் பிவிசி குழாயில் நீர்மூழ்கி ரோபோ செய்து, சாண்டா பார்பராவில் நடந்த போட்டியில் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் அணியையே முந்தினார்கள். போட்டிக்கு முந்தின நாள் மின்சுற்றுப் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தபோது, கடையில் டாம்பான் (மாதவிடாய்க்குப் பயன்படும் பஞ்சுச் சுருள்) வாங்கி உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள். ஆனால் நாலு பேருக்கும் அமெரிக்காவில் சட்டப்படி தங்குவதற்கான ஆவணங்கள் இல்லை. 2006இல் வந்த மாநிலச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்கு மாநிலத்து மாணவர்களுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணத்தை மறுத்தது. 2022 வாக்கெடுப்பில்தான் அது திரும்பக் கிடைத்தது. ஆசை மூட்டிவிட்டுக் கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது துரோகம் என்றே நினைக்கிறேன்.

நவஹோ பிள்ளைகளிடம் நியூ மெக்ஸிகோவில் இருக்கும் ஷிப்ராக் என்ற ஊரின் கதையைச் சொன்னேன். 1965 முதல் 1975 வரை ஃபேர்சைல்ட் நிறுவனம் நவஹோ நிலத்தில் அங்கே சிப் தொழிற்சாலை நடத்தியது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். எங்கள் குழுவின் நவஹோ பெண் ஒருத்தி இதை வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். பாட்டியின் அக்கா அங்கே மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவராம். அப்புறம் அவள் சால்டரிங் அயர்னை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பெற்றோரிடம் அவர்கள் மொழியிலேயே பேச ஆள் வையுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "அவனையும் கூட்டிவாம்மா" என்றோம். ஆறு வயது. திருகாணிகளை அளவு பார்த்து டப்பாவில் பிரித்துப் போடுவது இப்போது அவன் வேலை.